இரண்டாவது லோடு

முதல் லோடு போய்விட்டது. தெருமுனையில் லாரி திரும்பும்போது பின்னால் சுருட்டி மாட்டியிருந்த குழாயின் நுனி ஒருமுறை ஆடியது, போய் வருகிறேன் என்று சொல்வதுபோல, நானும் கை தூக்கப் போனேன், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள், லாரி வந்த சத்தம் கேட்டதுமே எதிர்வீடு, பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசையாக ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள், நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு இதே லாரி வரும்போது நான் சாத்துவேன், லேக் வியூ நகரில் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை இது. உங்க வீட்டு விருந்தாளி வந்துட்டுப் போயிட்டாரா என்று மறுநாள் காய்கறி வண்டியருகில் கேட்பார்கள், வந்தார், வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போனார் என்பேன், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே சிரித்துக்கொள்வோம். ஏகாம்பரம் கொட்டிவிட்டுத் திரும்பி வர முக்கால் மணி நேரமாகும். லாரி அவருடையது, ஓட்டுவதும் அவர், குழாய் போடுவதும் அவர், பதினோரு வருடமாக அவர்தான் வருகிறார். எப்போதும் ஒரு லோடோடு போய்விடுவார். இந்த முறை நான்தான் பிடிவாதம் பிடித்தேன், ஐப்பசிக் கடைசியில் செப்டிக் டேங்கை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் குளியலறைச் சல்லடையில் தண்ணீர் எதிர்த்து வருகிறது, என் பென்ஷனில் பாதியை நீங்களே உறிஞ்சிக்கொண்டு போகிறீர்கள், ஆனது ஆகட்டும், இரண்டு லோடாக எடுத்து அடி தெரிகிறவரை காலி பண்ணுங்கள் என்றேன். அவர் ஒரு மூங்கில் கழியை டேங்குக்குள் ஊன்றி, தண்ணீர் நிற்கிற இடத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். "இம்மாந்தூரம் எறக்கியாச்சும்மா. நான் வர்றதுக்குள்ள மேல் வீட்டுக்காரங்க தண்ணி ஊத்தாம பாத்துக்கங்க, அப்பதான் கணக்கு தெரியும்" என்றார். நான் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "ஜெபசீலி, லாரி திரும்பி வர்ற வரைக்கும் பாத்ரூம் பக்கம் போகாதம்மா." "சரி ஆன்ட்டி" என்று உள்ளிருந்தே பதில் வந்தது. அவள் மாடியில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறாள், புருஷன் ஆரோன் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

மூடியை முக்கால்வாசி மூடி, மேலே ஊதுபத்திக் கட்டையே கொளுத்தி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைப் போர்ட்டிகோவில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவளின் காது இது, ஒரே நேரத்தில் எட்டு லைன் ஓடும், எந்த லைனில் பேச்சு முடிந்தது, எதில் அழுகை, எதில் வெறும் இரைச்சல் என்று தலை திருப்பாமல் தெரியும். காது ஓய்வு பெறவில்லை. மாடியில் குழாய் திறந்தால் எனக்குக் கேட்கும், பிளஷ் இழுத்தால் சுவருக்குள் இருக்கிற பைப்பில் அது இறங்கி வருவது கேட்கும், முதலில் ஒரு தும்மல், பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு, பிறகு கீழே டேங்கில் விழும் சத்தம். நான் எண்ணுவேன். எண்ண வேண்டும் என்று நினைப்பதில்லை, அது தானாக எண்ணிக்கொள்கிறது. கார்த்திகை ஒன்றாம் தேதி பதினொன்று. தண்ணீரைக் குறைக்கச் சொன்ன பிறகு ஏழு. அப்புறம் நாலு. முந்தாநாள் மூன்று. சொன்னால் கேட்கிறார்கள் பரவாயில்லை என்று அன்றைக்குத் திருப்தியாக இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். இன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு சொட்டு இறங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும், துணி நனையும், ஏகாம்பரம் சாட்சி, அப்புறம் யாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை யாரும். சொல்லாததுதான் உறுத்துகிறது.

நாலு நாள் மழைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வெயில். ஈர வெயில், எல்லாவற்றின் மேலும் ஆவி பறக்கிறது, காம்பவுண்டுச் சுவரின் பாசி மினுமினுக்கிறது, கண்ணை மூடினால் இமைக்குள் ஆரஞ்சு நிறம். ஊதுபத்தியும் அந்த வாடையும் கலந்து வேறு என்னவோ ஒரு வாசனையாகிவிட்டது, கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. சிரிப்பு வருகிறது. இந்த நகருக்கு லேக் வியூ என்று பெயர் வைத்தவன் ஏரியை எங்கே கண்டான், நாங்கள் மனை வாங்கியபோதே ஏரி கிழக்கே ஒரு கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது, பிறகு அதுவும் பிளாட் ஆனது, இப்போது மொட்டைமாடியில் ஏறி நின்றால்கூடத் தண்ணீர் டேங்குகள்தான் தெரியும். ராத்திரி எனக்கு ஒரு கனவு வருகிறது, கொஞ்ச நாளாகவே வருகிறது. வீடு லேசாக ஆடும். கட்டிலுக்கடியில் அலை தட்டும். பயம் இல்லை, முதலில் பயம் இல்லை, ஜன்னலுக்கு வெளியே அல்லி பூத்திருக்கும், எங்கள் வீட்டுக்காரர் படகு தள்ளுகிறவர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். அப்புறம்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும், கழிவறைக் கோப்பையிலிருந்து, குளியலறைச் சல்லடையிலிருந்து, கறுப்பாக, சத்தமே இல்லாமல், பூஜை அறை வாசற்படிவரை. அங்கே விழித்துக்கொள்வேன். எழுந்து லைட்டைப் போட்டுப் பூஜை அறைத் தரையைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். வெள்ளை மார்பிள், உள்ளங்கைக்குச் சில்லென்றிருக்கும், இந்த வீட்டில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான், இப்போது அவர் படமும் அங்கேதான் இருக்கிறது.

டேங்குக்குக் குழி தோண்டின அன்று நான் ஆபீஸுக்கு லீவு. இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகை. சாயங்காலம் தோண்டி முடித்தார்கள், மறுநாள் காலை நாங்கள் வந்து பார்த்தால் குழியில் தண்ணீர். மழை பெய்யவில்லை, யாரும் ஊற்றவில்லை, மண்ணிலிருந்தே ஊறியிருந்தது, அப்படி ஒரு தெளிவு, அடியில் கிடந்த மண்வெட்டி தெரிந்தது, வானம் தெரிந்தது, குனிந்து பார்த்த என் முகமும் மாம்பழக் கலர் புடவையும் தெரிந்தன. ஒரு குட்டித் தவளை அதற்குள் வந்து குடியேறியிருந்தது. நமக்கு முன்னாடியே கிரகப்பிரவேசம் பண்ணிட்டான் பார் என்று அவர் சொன்னார். நான் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டேன். நம்ம நிலத்துத் தண்ணீர் என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது, அதுவரை வாடகை வீட்டுக் குழாயில் அளந்து விட்ட தண்ணீரைத்தான் பார்த்திருந்தேன். கன்னியப்பன் மேஸ்திரி அந்தப் பக்கம் நின்றிருந்தார், தலையில் துண்டு, காதில் பீடி. அவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார்? எத்தனை தடவை இந்தக் காட்சி எனக்குள் வந்திருக்கிறது, தண்ணீர் வருகிறது, தவளை வருகிறது, என் கால் விரல் தண்ணீருக்குள் பெரிதாகத் தெரிவது வருகிறது, மேஸ்திரி வாயைத் திறக்கும்போது லைன் கட்டாகிவிடுகிறது. பரவாயில்லை. ஒரு நல்ல காலை. அது போதும்.

மாடியில் நடக்கிற சத்தம். மெதுவாக, கனமாக, ஹாலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து ஹாலுக்கு. திரும்பவும். என்ன நடை இது. உட்கார்ந்திருக்கலாமே. குழாய்ச் சத்தம் இல்லை. இவர்களுக்கு முன்னால் மாடியில் மூன்று குடும்பம் இருந்தது. பாங்க் கிளார்க் வீட்டில் இரண்டு வேளை குளியல், எட்டு மாதத்தில் அனுப்பினேன். அதற்குப் பிறகு வாஷிங் மெஷின் வைத்திருந்த கடலூர்க்காரர்கள், அந்தப் பெண் சாமான் ஏற்றும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அப்புறம் ஒரு டீச்சரும் அவர் அம்மாவும், அந்த அம்மாளுக்குச் சர்க்கரை, ராத்திரி ஐந்து தடவை எழுந்திருப்பார், ஐந்தும் எனக்குக் கேட்கும், ஐந்து தடவையும் என் டேங்க் நிறைவதாக நெஞ்சுக்குள் இருக்கும். அவர்களையும் அனுப்பினேன். பண்பாகத்தான் சொன்னேன், நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, ஆபரேட்டர் குரல், சர்க்கரை தடவின குரல் என்று சூப்பர்வைசரே சொல்வார். அதே குரலில்தான் பத்து நாளைக்கு முன் ஜெபசீலியிடமும் சொன்னேன். "கிறிஸ்மஸ் முடிஞ்சதும் போயிருதோம் ஆன்ட்டி. இந்த நிலமையில வீடு பாக்கவே அவுகளுக்கு நேரமில்ல" என்றாள். நான் சொன்னேன், "மார்கழில யாரும் வீடு மாத்த மாட்டாங்கம்மா, வீடு குடுக்கவும் மாட்டாங்க. கார்த்திகை முடியறதுக்குள்ள பாத்துக்கங்க." அவள் நல்லதுக்குத்தான் சொல்வதுபோலச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கண்டால் யாரும் வீடு தருவதில்லை என்பது எனக்குத் தெரியாதா. மாசமாக இருக்கும்போது வீடு மாற்றக் கூடாது என்று நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது கிடையாது, அவர்கள் வேதக்காரர்கள், அதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்த்திகை முடிய இன்னும் ஆறு நாள். மாடிப்படி வளைவில் நாலு அட்டைப்பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், மேலே பெரிய எழுத்தில் சமையல், துணி, பாப்பா. பாப்பா என்று எழுதின பெட்டி சின்னது. அதைத் தாண்டித்தான் தினமும் மோட்டார் போடப் போகிறேன்.

தூங்கிவிட்டேனா. இல்லை, காது விழித்திருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒரு விஷயம் எப்போதும் இடறும், கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவேன், இன்றைக்கு நாற்காலியில் கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்திருப்பதால் தாண்ட இடமில்லை. சித்திரை வைகாசியில் இந்த டேங்க் நிறைந்ததே இல்லை. ஒரு வருடம்கூட. எல்லாரும் லீவுக்கு ஊருக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் என்பேன். பாங்க் கிளார்க் ஊருக்கே போனதில்லை. சரி, வெயிலில் வற்றிவிடும் என்பேன். டீச்சர் வீட்டை அனுப்பின வருடம் மாடி ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது, நான் ஒருத்தி, நானும் அரை வாளியில் குளிக்கிறவள், ஆனாலும் அந்தக் கார்த்திகையில் ஏகாம்பரம் மூன்று தடவை வந்தார். பக்கத்து வீட்டு பைப் கசிகிறது என்றேன். அவர் இருந்தவரை, எங்கள் வீட்டுக்காரர், டேங்க் நிறைந்துவிட்டது என்று நான் வந்து நின்றால் ஒன்றுதான் சொல்வார், இந்த வருஷம் மழை ஜாஸ்தி. அவ்வளவுதான். போனை எடுத்து லாரிக்குச் சொல்வார். மாடியில தண்ணியைக் கொட்டுறாங்க, நீங்க கேக்க மாட்டீங்களா என்று கத்துவேன், அவரிடம் மட்டும் எனக்குக் குரல் உயரும், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மழை ஜாஸ்தி, விடு என்பார். பதினெட்டு வருடம் அதே பதில். எவ்வளவு எரிச்சலாக இருக்கும். மழைக்கும் நம்ம வீட்டுக் கழிவறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்ட பார்வை. அப்புறம் காபி இருக்கா என்றார்.

லாரி வந்துவிட்டது. ஜன்னல்கள் திரும்பவும் சாத்தும் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. ஏகாம்பரம் குழாயை இழுத்துக்கொண்டு வந்து மூடியைத் தள்ளிப் பார்த்தார், நின்றார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது. துணியையே காணோம்."

எழுந்து போய்ப் பார்த்தேன். கழி நின்றுகொண்டிருந்தது. சிவப்புத் துணி தண்ணீருக்கடியில், ஒரு அடிக்கும் கீழே, மங்கலாக ஆடிக்கொண்டிருந்தது.

"மேல யார்னா குளிச்சாங்களா?"

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "ஒரு சொட்டு இறங்கலை. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் கழியைப் பிடுங்கி, தலைகீழாகத் திருப்பி, அழுத்தி ஊன்றினார். டொக் என்ற சத்தம் வரவில்லை. கழி போனது, போய்க்கொண்டே இருந்தது, அவர் கை நனைகிற இடத்தில் நிறுத்தினார்.

"இது உங்க தண்ணி இல்லம்மா. ஏரித் தண்ணி. அடியிலேர்ந்து ஏறுது. எத்தினி லோடு எடுத்தாலும் இதான். அடியில தளம் போட்ருக்கா, இல்லியா?"

லைன் கிடைத்துவிட்டது. இருபத்து மூன்று வருடம் கழித்து, இவ்வளவு தெளிவாக. கன்னியப்பன் மேஸ்திரி காதிலிருந்து பீடியை எடுத்துக்கொண்டு கேட்கிறார், அம்மா, அடியில தளம் ஊத்திரலாமா, ஏரி மண்ணு, மழைல ஊத்து கெளம்பும். எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்புகிறார், நீயே சொல்லு, தளம் போட்டா பூஜை ரூமுக்கு மார்பிள் வராது, கையில இருக்கறது அவ்வளவுதான். நான் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டே சொல்கிறேன், நான்தான் சொல்கிறேன், நல்ல தெளிவான குரலில், மண்ணுக்கடியில இருக்கறத யார் பாக்கப் போறாங்க, மார்பிளே போடுங்க. எல்லோரும் சிரிக்கிறோம். தவளை குதிக்கிறது. நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் ஒவ்வொரு முறையும் சரியாக அந்த இடத்தில் எப்படி நிறுத்தத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. பதினெட்டு வருடம், ஒவ்வொரு கார்த்திகையும், உன்னால்தான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மழை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போன் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, ஏகாம்பரம் எதிரில், திறந்த செப்டிக் டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டு. வாடையில் கண் எரிகிறது என்று அவர் நினைத்திருப்பார். "தள்ளி நில்லுங்கம்மா" என்றார்.

இரண்டாவது லோடை வேண்டாம் என்றேன். எடுத்தால் ஏரியைத்தான் எடுக்க வேண்டும். மழை நின்று தண்ணீர் இறங்கியதும் சுவரை இடிக்காமல் உள்ளே ரெடிமேடு டேங்க் இறக்கலாம், தெரிந்த ஆள் இருக்கிறார் என்று ஏகாம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தையும் எனக்குள் போகவில்லை. இப்போதைக்கு நாலு நாள் தாங்கும் என்றார். மூடியை மூடிவிட்டுப் போய்விட்டார்.

படியில் ஜெபசீலி. வளைவில், அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. எத்தனை நேரமாக நிற்கிறாளோ.

"ஆன்ட்டி, லாரி போயிருச்சுல்லா. இனி பாத்ரூம் போலாமா? காலையிலேருந்து போவல."

காலையிலிருந்து. அந்த நடை, ஹாலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து ஹாலுக்கு. எனக்குக் கேட்டது. எட்டு லைனும் கேட்கிற காது, அது என்ன சத்தம் என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. தப்பு என் மேல்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "போம்மா. நல்லாத் தண்ணி ஊத்து. எவ்வளவு வேணும்னாலும் ஊத்து" என்று மட்டும் சொன்னேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினாள்.

நான் சுவரோரமாக நின்றேன். பைப்பில் அந்தத் தும்மலுக்காக, நீளமான பெருமூச்சுக்காகக் காத்திருந்தேன், இழு, பிளஷை இழு, தொட்டி முழுக்கக் கொட்டட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். கதவு திறக்கும் சத்தம். நேரம் போனது. அப்புறம் வந்தது, ஒரே ஒரு மக் தண்ணீர். பயந்து பயந்து ஊற்றிய ஒரு மக், சுவருக்குள் மெல்லிசாக வழிந்து என்னைத் தாண்டிக் கீழே போனது. அதற்குமேல் இல்லை.

முட்டி வலிக்கு எப்போதும் ஒவ்வொரு படியாக நின்று ஏறுவேன், அன்றைக்கு எங்கும் நிற்கவில்லை. பாப்பா என்று எழுதின பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன், பாரமே இல்லை. கதவைத் தட்டினேன். திறந்தவள் கையில் இன்னும் அந்த மக் இருந்தது. பெட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்துபோய், "கொஞ்சமாத்தான் ஊத்துனேன் ஆன்ட்டி" என்றாள்.

"இந்த டேங்குக்கு அடி கிடையாது ஜெபசீலி" என்றேன். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."